லடாக் பயணத் திட்டம்: வகுப்பறையில் ஐந்து பாடவேளைகள்

ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் பாய்மங்கள், சமூக அறிவியலில் வளிமண்டலம், கணிதத்தில் ஆயத்தொலை வடிவியல் என்ற பாடங்களை நடத்துகிறோம். மூன்றும் மூன்று ஆசிரியர்களால், வெவ்வேறு மாதங்களில் நடத்தப்படுவதால் மாணவர்கள் அவற்றைத் தனித்தனியாகவே நினைவில் வைத்துக்கொள்கின்றனர். இவற்றை ஒரே கேள்வியில் இணைக்க ஒரு செயல்திட்டத்தை எங்கள் பள்ளியில் செய்து வருகிறேன். கேள்வி இதுதான்: “நாம் எட்டுப் பேர், பயண முகவர் யாருடைய உதவியும் இல்லாமல் லடாக் சென்று பத்திரமாகத் திரும்ப வேண்டும். திட்டம் எழுதுங்கள்.”

மாணவர்கள் உண்மையில் லடாக் செல்லப்போவதில்லை. ஆனால் தகவல்கள் அனைத்தும் உண்மையானவை. உயரம், தொலைவு, சாலை, கால அட்டவணை ஆகியவற்றில் கற்பனைக்கு இடமில்லை. நானும் தோழியர் இருவரும் ஒரு மே மாத விடுமுறையில் லடாக் சென்று வந்தோம். அப்போது தயாரித்த குறிப்பேடுதான் இந்தச் செயல்திட்டத்தின் அடிப்படை. இதற்கு ஐந்து பாடவேளைகள், ஓர் இந்திய நிலவரைபடம், வரைபடத்தாள், தலைமையாசிரியர் அறையில் உள்ள இணைய இணைப்பு ஆகியவை போதும்.

ஏன் லடாக்?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ திட்டம் போடும்போது தொலைவு, நேரம், பணம் மூன்றையும் கணக்கிட்டால் வேலை முடிந்துவிடும். லடாக்கில் உயரம் என்ற நான்காவது கணக்கு சேர்ந்துகொள்கிறது. அது மற்ற மூன்று கணக்குகளையும் மாற்றி எழுதச் செய்கிறது. மேலும், அங்கே போடப்படும் திட்டத்தில் உள்ள குறை வெறும் வசதிக்குறைவோடு நிற்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டமிடுதல் என்றால் என்ன என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

2019 அக்டோபர் 31 முதல் லடாக் ஒரு யூனியன் பிரதேசம். சிந்து நதிப் பள்ளத்தாக்கில் உள்ள அதன் முதன்மை நகரம் லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவின் உச்சியில் இன்னும் 860 மீட்டர் ஏணி வைத்து ஏறினால்தான் லே நகரத்துக் கடைத்தெருவின் உயரம் வரும். இந்த ஒப்பீட்டைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

முதல் பாடவேளை: காற்று எங்கே போயிற்று?

“உயரே போனால் என்ன குறையும்?” என்று கேட்டால், “ஆக்சிஜன் சதவீதம்” என்ற விடைதான் முதலில் வரும். இந்தத் தவறான கருத்தைத் தெளிவுபடுத்துவதில்தான் பாடம் தொடங்குகிறது. கடற்கரையிலும் லேயிலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 சதவீதமே. குறைவது காற்றழுத்தம். அழுத்தம் குறைந்தால், ஒரே அளவு மூச்சில் உள்ளே வரும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறையும். அதனால் ஆக்சிஜனும் குறையும்.

கரும்பலகையில் பின்வரும் அட்டவணையை எழுதுகிறேன். கடல் மட்டத்தின் காற்றழுத்தத்தை 100 எனக் கொண்டால், மற்ற இடங்களில் தோராயமாக எவ்வளவு என்பது இது.

தொட்டபெட்டா (2,637 மீ) – 72
கார்கில் (2,676 மீ) – 72
லே (3,500 மீ) – 65
ஹான்லே (4,300 மீ) – 59
கார்தூங் லா கணவாய் (5,359 மீ) – 51

கார்தூங் லாவில் நிற்பவருக்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது நமக்குக் கிடைப்பதில் பாதிதான் என்பதை மாணவர்களே படித்துச் சொல்வார்கள். “லா” என்றால் லடாக்கி மொழியில் கணவாய். அந்தக் கணவாயில் நெடுங்காலம் இருந்த பலகை 18,380 அடி, அதாவது சுமார் 5,602 மீட்டர் என்றது. பின்னர் செய்யப்பட்ட அளவீடுகள் 5,359 மீட்டர் என்கின்றன. இரண்டு எண்களையும் கொடுத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பலகையில் எழுதப்பட்டிருப்பதையும் சரிபார்க்க வேண்டும் என்ற பாடம் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது கொதிநிலை. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி செல்சியஸ் வீதம் நீரின் கொதிநிலை குறைகிறது. லேயில் அது எவ்வளவு இருக்கும்? 3,500-ஐ 300-ஆல் வகுத்து, 100-இலிருந்து கழித்தால் 88. அங்கே தண்ணீர் நன்றாகக் கொதிக்கும். ஆனால் திறந்த பாத்திரத்தில் அரிசி எளிதில் வேகாது. எனவே லடாக் வீடுகளில் பிரஷர் குக்கர் இன்றியமையாத பாத்திரம். நாங்கள் ஊரிலிருந்து எடுத்துச் சென்ற பிஸ்கட் பாக்கெட்டுகள் அங்கே பலூன்போல் உப்பி நின்றன. காரணத்தை மாணவர்களிடமே விட்டுவிடுவேன். பாக்கெட்டின் உள்ளே இருப்பது நம்மூர்க் காற்று, வெளியே இருப்பது அந்த ஊர்க் காற்று என்பதை யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார்.

வெப்பநிலைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் என்பது பாடநூலில் உள்ளது. கடல் மட்டத்தில் 35 டிகிரி என்றால் 4,300 மீட்டரில் சுமார் 7 டிகிரி. இது ஒரு மதிப்பீடு மட்டுமே. அங்கே காற்று மெலிந்தும் வறண்டும் இருப்பதால், சூரியன் மறைந்ததும் வெப்பம் வேகமாக வெளியேறி இரவுக் குளிர் இன்னும் கடுமையாகும்.

இரண்டாம் பாடவேளை: உடலுக்கு நாள் தேவை

குறைந்த அழுத்தத்துக்கு உடல் தன்னைப் பழக்கிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும். முதலில் மூச்சு வேகமாகும், இதயத் துடிப்பு கூடும். அடுத்த சில நாள்களில் சிறுநீரகங்கள் இரத்தத்தின் அமில-காரச் சமநிலையைச் சரிசெய்யும். சிவப்பணுக்கள் போதிய அளவு கூடுவதற்கு வாரங்கள் ஆகும்.

இந்த அவகாசத்தைக் கொடுக்காமல் ஏறினால் வருவது உயர நோய். தலைவலி, குமட்டல், பசியின்மை, சோர்வு, தூக்கமின்மை ஆகியவை அதன் தொடக்க அறிகுறிகள். இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. வந்து இறங்கிய முதல் சில மணி நேரம் நன்றாகவே இருக்கும். பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி தொடங்கும். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அன்றே சுற்றக் கிளம்புபவர் இரவில் படுத்துவிடுவார். நோய் முற்றினால் மூளையில் வீக்கம் ஏற்பட்டு நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பம் வரும். நுரையீரலில் நீர் கோத்தால் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும். இந்த இரண்டு நிலைகளும் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஆக்சிஜன், மருந்து ஆகியவற்றோடு உடனே கீழே இறக்குவதே முதன்மையான சிகிச்சை.

உடல் வலிமை உயர நோயிலிருந்து காக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கபடி ஆடும் மாணவனுக்கும் வரலாம். படியேற மூச்சு வாங்கும் ஆசிரியைக்கு வராமலும் போகலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் பார்த்த ஆக்சிமீட்டரை மாணவர்கள் நினைவுபடுத்துவார்கள். லேயில் நலமாக இருப்பவருக்கும் அது 90-க்குக் கீழே காட்டலாம்; எண்ணைக் காட்டிலும் அறிகுறிகளைக் கவனிப்பதே முக்கியம்.

மலையேற்றத்தில் பின்பற்றப்படும் விதிகளைச் சுருக்கி வகுப்பில் நான்காக எழுதுகிறேன்.

ஒன்று: 3,000 மீட்டருக்கு மேல், இன்று படுக்கும் இடம் நேற்று படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது.
இரண்டு: மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை, உயரம் கூட்டாத ஓர் ஓய்வு நாள் வேண்டும்.
மூன்று: அறிகுறி உள்ளவர் மேலே ஏறக் கூடாது, கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும்.
நான்கு: நோயுற்றவரைத் தனியே விடக் கூடாது.

முதல் விதியில் “படுக்கும் இடம்” என்ற சொல்லை அடிக்கோடிடச் சொல்வேன். பகலில் ஓர் உயரமான கணவாயைக் கடந்து இறங்கிவிடுவது வேறு. அந்த உயரத்திலேயே இரவைக் கழிப்பது வேறு. தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றை மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே எடுக்க வேண்டும் என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிடலாம்.

மூன்றாம் பாடவேளை: முதல் வரைவும் ஒரு வரைபடமும்

வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு வரைவு எழுதச் சொன்னேன். நான்கு குழுக்களின் வரைவுகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. முதல் நாள் டெல்லியிலிருந்து விமானத்தில் லே. இரண்டாம் நாள் கார்தூங் லா வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் பாங்காங் ஏரி. காணொளிகளிலும் விளம்பரங்களிலும் அவர்கள் பார்த்த வரிசை அது.

தவறு என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தாளைக் கொடுத்தேன். கிடைமட்ட அச்சில் ஓர் இரவுக்கு 1 செ.மீ., செங்குத்து அச்சில் 500 மீட்டருக்கு 1 செ.மீ. ஒவ்வோர் இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தைப் புள்ளியாகக் குறித்து இணைக்கச் சொன்னேன். இந்த அளவுத்திட்டத்தில் 3,000 மீட்டருக்கு மேல் கோட்டின் சாய்வு 1-ஐத் தாண்டக் கூடாது. அதாவது கோடு 45 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. முதல் விதி இப்போது ஒரு வடிவியல் நிபந்தனையாகிவிட்டது.

டெல்லி சுமார் 216 மீட்டர். அங்கிருந்து லேவுக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஓர் இரவில் ஏறிய உயரம் ஏறத்தாழ 3,300 மீட்டர். “டீச்சர், இது ஏணி மாதிரி இல்ல, சுவர் மாதிரி நிக்குது” என்றான் ஒரு மாணவன். விமானத்தில் போகவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் போகிறார்கள். அப்படிப் போனால் லேயில் குறைந்தது முழுதாக இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகே மேலே செல்ல வேண்டும். நான்கு வரைவுகளிலும் விடுபட்டவை அந்த இரண்டு நாள்கள்தான்.

மற்ற இரு குழுக்கள் மணாலி வழியாகச் சாலையைத் தேர்ந்தெடுத்திருந்தன. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அவர்களைக் கவர்ந்திருந்தது. மணாலி 2,050 மீட்டர். அவர்கள் முதல் இரவுக்குக் குறித்திருந்த சர்ச்சு சுமார் 4,290 மீட்டர். ஒரே நாளில் 2,240 மீட்டர். சாலையில் சென்றாலே படிப்படியாக ஏறுவதாகிவிடும் என்ற எண்ணமும் வரைபடத்தாளில் நிற்கவில்லை.

நான்காம் பாடவேளை: இறங்கும் வழி எது?

செயல்திட்டத்தின் மையம் இந்தப் பாடவேளை. ஒவ்வோர் இரவுத் தங்கலுக்கும் எதிரே ஒரு புதிய கட்டத்தை வரையச் சொல்கிறேன். அதில் எழுத வேண்டிய கேள்வி ஒன்றே: “இங்கே இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சு வாங்கினால், இறங்கும் வழி எது?”

சர்ச்சுவில் தொடங்கினோம். மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டர் உயரமுள்ள பாராலாச்சா லா குறுக்கே நிற்கிறது. லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டிய லாசுங் லாவும், 5,328 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லாவும் உள்ளன. எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற வேண்டும். நோயாளியை இறக்குவதற்காக ஏற்ற வேண்டிய இடம் அது.

பாங்காங் ஏரி சுமார் 4,225 மீட்டர். அங்கிருந்து லேவுக்குத் திரும்பும் வழக்கமான சாலை 5,300 மீட்டருக்கு மேல் உள்ள சாங் லாவைக் கடக்கிறது. நுப்ராவில் உள்ள திஸ்கித் சுமார் 3,140 மீட்டர், லேயைவிடத் தாழ்வானது. அங்கே தூங்குவது உடலுக்கு எளிது. ஆனால் லேயில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு ஒருவரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் கார்தூங் லாவைக் கடந்தாக வேண்டும்.

பிறகு ஹான்லேயைக் குறித்தோம். லேயிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல், எல்லையோரத்தில் உள்ள சிற்றூர் அது. மாணவர்கள் எல்லோரும் அதை மிக ஆபத்தான இடமாகவே நினைத்திருந்தார்கள். நிலவரைபடத்தில் விரலால் சாலையைத் தொடர்ந்து போகச் சொன்னேன். லேயிலிருந்து உப்ஷி, சுமாதாங், நியோமா, லோமா வரை சாலை சிந்து நதியை ஒட்டியே செல்கிறது. பிறகு ஹான்லே ஆற்றின் பக்கம் திரும்புகிறது. இடையில் உயர்ந்த கணவாய் ஏதும் இல்லை. “ஆத்தோட போனா எறக்கம்தான் டீச்சர்” என்றாள் காவிரிக்கரை கிராமத்திலிருந்து வரும் மாணவி. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் இறக்கம் என்பது அவளுக்குப் பாடநூல் சொல்லித் தெரிந்ததன்று. மிகத் தொலைவான இடத்துக்குத்தான் சீராக இறங்கும் வழி இருந்தது. ஆனால் வழி நீளமானது. ஒரு பகல் முழுக்க வண்டியோட்டம். எனவே காலையிலேயே அறிகுறியைக் கண்டுகொள்வது அங்கே இரட்டிப்பாக முக்கியம்.

ஹான்லேயுடன் நமக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. அங்கே சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியல் ஆய்வகம் இருக்கிறது. அதை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமே நம் திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தையும் நடத்துகிறது. ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் விட்டம்கொண்ட இமாலய சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொஸ்கோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு மூலம் இயக்குகிறார்கள். காற்று மெலிந்து, வறண்டு, இருண்டு இருப்பது உடலுக்குச் சிரமம்; தொலைநோக்கிக்கோ வரம். இதைச் சொன்னதும் ஆறு குழுக்களும் ஹான்லேயைத் தங்கள் இலக்காக ஏற்றுக்கொண்டன.

அன்று வகுப்பு சேர்ந்து எழுதிய இரவுப் பட்டியல் இது.

1, 2 – ஸ்ரீநகர் (1,585 மீ)
3 – கார்கில் (2,676 மீ)
4 – அல்ச்சி (சுமார் 3,100 மீ)
5, 6, 7 – லே (3,500 மீ)
8 – சுமாதாங் (சுமார் 4,000 மீ)
9, 10 – ஹான்லே (சுமார் 4,300 மீ)
11 – லே
12 – லே (கையிருப்பு நாள்)

ஸ்ரீநகரிலிருந்து லேவுக்குச் சாலை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். வழியில் 3,528 மீட்டர் ஜோஜி லாவையும், அச்சாலையின் மிக உயர்ந்த இடமான 4,108 மீட்டர் ஃபோட்டு லாவையும் பகலில் கடந்து, தாழ்வான இடங்களில் தூங்குகிறார்கள். 3,000 மீட்டருக்கு மேல் எந்த இரவிலும் ஏற்றம் 500-ஐத் தாண்டவில்லை. வரைபடத்தாளில் சுவர் இப்போது படிக்கட்டாகிவிட்டது.

யார் சொல்வார்கள்?

இந்த இடத்தில் வகுப்பில் நான் எதிர்பார்க்காத ஒரு பேச்சு எழுந்தது. “ஹான்லேவுக்குக் கிளம்பும் காலையில் உங்களுக்குத் தலைவலி. மற்ற ஏழு பேரும் தயாராக நிற்கிறார்கள். சொல்வீர்களா?” என்று கேட்டேன். எல்லோரும் “சொல்வோம்” என்றார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும், “நான் சொல்ல மாட்டேன் டீச்சர். என்னால எல்லாரோட டூரும் கெட்டுப்போகும்” என்றாள்.

வகுப்பு அமைதியானது. பிறகு ஒவ்வொருவராகப் பேசத் தொடங்கினார்கள். விளையாட்டு விழாவில் வெயிலில் நின்று மயங்கி விழும்வரை வாய் திறக்காதவன், பேருந்தில் வாந்தி வரும்போது யாரிடமும் சொல்லாமல் அடக்கிக்கொண்டவள், காலணி கடித்து இரத்தம் வந்தும் நடந்தவன் என எல்லோரிடமும் ஒரு கதை இருந்தது. லடாக்கில் இப்படி ஒருவர் வாய்மூடி இருந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் பாடவேளையில் அவர்களே எழுதியிருந்தார்கள்.

“சொல்லாதவர்களைத் திட்டலாமா?” என்று கேட்டேன். திட்டினால் இன்னும் மறைப்பார்கள் என்றார்கள். விவாதத்தின் முடிவில் இரண்டு விதிகளை அவர்களே உருவாக்கினார்கள். முதலாவது: “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. காலையும் மாலையும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தலை வலிக்கிறதா, சாப்பிட முடிந்ததா, தூங்கினாயா? பிறகு குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடந்து காட்ட வேண்டும். தள்ளாடினால் நடையே காட்டிக்கொடுத்துவிடும். எல்லோரையும் கேட்கும்போது யாரும் தானாக முன்வந்து ‘பாரம்’ ஆக வேண்டியதில்லை.

இரண்டாவது விதி கையிருப்பு நாள் பற்றியது. அதுவரை ஐந்து குழுக்கள் பன்னிரண்டாம் நாளை ‘வீண்’ என்று கருதி, பணத்தை மிச்சப்படுத்த நீக்கிவிட விரும்பின. இப்போது அவர்கள் பார்வை மாறியது. ஒருவருக்காக எல்லோரும் ஒரு நாள் நிற்க வேண்டியிருந்தால், அந்த நாள் ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறது. அவர் யாருடைய நாளையும் பறிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்லும் தைரியத்தை அந்த வெற்று நாள் கொடுக்கிறது. கடைசி வரிசை மாணவியிடம், “இப்ப சொல்லுவியா?” என்று தோழி கேட்டாள். “ம், சொல்லலாம்” என்றாள் அவள். திட்டத்தில் பன்னிரண்டாம் நாள் நிலைத்தது.

ஐந்தாம் பாடவேளை: பணம், அனுமதி, பை

மீதிப் பணிகளைக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

பயணக் குழு: கன்னியாகுமரியிலிருந்து கட்ரா செல்லும் ஹிம்சாகர் விரைவு ரயிலின் நாள், நேரம், கட்டணம் ஆகியவற்றைக் கண்டறிதல். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கும் ரயில் இருக்கிறது. ஜோஜி லா குளிர்காலப் பனியில் மூடப்படும். மணாலி சாலை பெரும்பாலும் கோடை மாதங்களில்தான் திறந்திருக்கும். எனவே மாதத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே பயணச்சீட்டு.

கணக்குக் குழு: லேயில் வாடகைக் கார் சங்கம் ஒவ்வோர் இடத்துக்கும் கட்டணப் பட்டியல் வைத்திருக்கிறது. வண்டிச் செலவை எட்டால் வகுப்பதும், தங்கும் செலவை எட்டால் பெருக்குவதும் ஏன் என்று விளக்கச் சொல்லலாம். கையிருப்பு நாளுக்கான தொகையைத் தனி வரியில் காட்ட வேண்டும்.

அனுமதிக் குழு: எல்லையோரப் பகுதிகளுக்கான அனுமதி, பதிவு, கட்டண விதிகள் அவ்வப்போது மாறும். பழைய காணொளியை நம்பாமல் லடாக் நிர்வாகத்தின் இணையதளத்தையும் அரசின் பயண அறிவுரைகளையும் பார்த்து, பார்த்த தேதியையும் குறிக்க வேண்டும். தகவலுக்குத் தேதி போடும் பழக்கத்தை இங்கே தொடங்கலாம்.

தொடர்புக் குழு: பிற மாநிலங்களின் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது, போஸ்ட்பெய்டு தேவை. சிற்றூர்களில் அதுவும் கிடைக்காமல் போகலாம். எனவே ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்ற பட்டியலின் படி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். இதைத் தமிழ்ப் பாடவேளையில் பெற்றோருக்கு எழுதும் கடிதமாகவே மாற்றினோம்.

பைக் குழு: அடுக்கடுக்காக அணியும் கம்பளி உடை, வெயில் கண்ணாடி, தொப்பி, தண்ணீர்க் குப்பி, மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகள், ரொக்கப் பணம். குளிர் நாட்டில் வெயில் கண்ணாடி எதற்கு என்று கேட்பார்கள். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் புறஊதாக் கதிர்கள் கூடுகின்றன என்பதே விடை.

அங்கே வாழ்பவர்கள்

திட்டம் எழுதும்போது அந்த நிலத்தை நாம் போய்ப் பார்க்கும் காட்சியாக மட்டும் மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. லேயில் ஆண்டு மழையளவு 100 மில்லிமீட்டர் அளவில்தான். பனியாறு உருகி வரும் நீரில்தான் வாற்கோதுமை விளைகிறது. வசந்தத்தில் நீர் போதாது என்பதால் குளிர்காலத்திலேயே நீரைப் பனியாக உறையவைத்துச் சேமிக்கும் செயற்கைப் பனியாறுகளைப் பொறியாளர் செவாங் நோர்பெல் அமைத்தார்; கூம்பு வடிவில் உறையவைக்கும் பனி ஸ்தூபியை சோனம் வாங்சுக் உருவாக்கினார். தண்ணீர் வீணாகாத உலர் கழிப்பறை அங்கே மரபானது. எட்டு விருந்தினர் நாளுக்கு எத்தனை வாளித் தண்ணீர் கேட்கலாம் என்பதும் திட்டத்தில் ஒரு வரியாக வேண்டும். “ஜூலே” என்ற ஒரு சொல்லையும் கற்றுக்கொண்டு போகலாம். வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறுவதற்கும் அந்த ஒரு சொல்லே போதும்.

வறண்ட நிலம் என்பதால் வெள்ளமே வராது என்றும் எண்ணக் கூடாது. 2010 ஆகஸ்டில் லே பகுதியில் பெய்த திடீர்ப் பெருமழையில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓடைப்படுகையில் கூடாரம் போடக் கூடாது என்ற விதியை மாணவர்கள் இதிலிருந்து தாமாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் சதவீதமும் சாய்வும் வேண்டியதில்லை. பள்ளிப் படிக்கட்டில் சாக்கட்டியால் ஊர்ப்பெயர்களை எழுதலாம். கீழ்ப்படி கடற்கரை, அடுத்தடுத்த படிகள் ஊட்டி, கார்கில், லே, ஹான்லே. தாயக்கட்டை உருட்டி ஒரு முறைக்கு ஒரு படி மட்டும் ஏறலாம். இரண்டு படி தாவினால் ஒரு சுற்று ஓய்வு. “தலை வலிக்குது” என்ற சீட்டு வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். இறங்கியவருக்கு மதிப்பெண் குறையாது என்பது விளையாட்டின் முக்கிய விதி. அதைக் குழந்தைகள் உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

மதிப்பீடு

ஒவ்வொரு குழுவின் திட்டத்தையும் இன்னொரு குழு மதிப்பிடுகிறது. ஐந்து கேள்விகள்: இரவு உயரங்களின் கோடு நிபந்தனைக்கு உட்பட்டதா? ஒவ்வோர் இரவுக்கும் இறங்கும் வழி எழுதப்பட்டுள்ளதா? தகவல்களுக்குத் தேதி உண்டா? கையிருப்பு நாளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? குழுவில் மிகவும் மெதுவாக நடப்பவருக்கும் இந்தத் திட்டம் பொருந்துமா? கடைசிக் கேள்விக்கு மற்றவற்றைப்போல் இரு மடங்கு மதிப்பெண் தருகிறேன்.

இந்தச் செயல்திட்டம் முடிந்த சில வாரங்களில் எங்கள் பள்ளியில் ஒருநாள் கல்விச் சுற்றுலா ஏற்பாடாயிற்று. வழித்தடத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய மறுநாள், ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூன்று பேர் ஒரு தாளுடன் வந்தார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வசதியுள்ள இடத்தில் வண்டி நிற்க வேண்டும், நின்றதும் ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், பயணத்தில் வாந்தி வருபவர்களுக்கு முன் இருக்கை தர வேண்டும், மாலையில் ஒரு மணி நேரம் கையிருப்பாக வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. கையிருப்பு நேரத்துக்காக ஓர் இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவும் அவர்களே பரிந்துரைத்திருந்தார்கள். தலைமையாசிரியர் அந்தத் தாளை அப்படியே ஏற்று, பழைய வழித்தடத்தை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டச் செய்தார். அடுத்த கல்வியாண்டில் உங்கள் பள்ளிச் சுற்றுலாவுக்கு முன் இந்த ஐந்து பாடவேளைகளையும் நடத்திப் பாருங்கள். திட்டத்தைத் திருத்தும் பொறுப்பை மாணவர்களிடமே விடுங்கள்.